சாடியில் விதை போட்டு வீட்டுத்தோட்டம் செய்த அனுபவம் எப்படி? விதை போடுவதா, நாற்று வாங்கி வைப்பதா?

மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். வீட்டைச் சுற்றி மிஞ்சியதும் சீமெந்து போட்ட முற்றம். ஆகவே எல்லாம் சாடிதான்.

தொடங்கியது 2022ல். அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து, போய் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று சொன்ன காலம். நானும் கந்தோர்க்காரிதான். சந்தையில் கொச்சிக்காயின் விலையைக் கேட்டாலே கடிக்காமல் கண் கலங்கும். பழைய பெயின்ட் வாளி எட்டும் வெறும் உரப்பை பத்தும் சேர்த்தேன். (உரத்துக்குத்தான் நாட்டில் தட்டுப்பாடு, அது முன்பு வந்த பைகளுக்கு இல்லை.) கொச்சிக்காய், தக்காளி, கத்தரி, வெண்டி என்று பைக்கற் பைக்கற்றாக விதையும் வாங்கியாயிற்று.

படித்தது யூடியூப்பில். மாடித்தோட்டம் பற்றி நான் பார்த்த காணொளிகளில் பேசியவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். ஆடி பிறந்து முதல் வெள்ளி, குளித்துவிட்டு வந்து பயபக்தியோடு விதை போட்டேன்.

என் மாமி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்காரி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலும் சேனையுமாக வளர்ந்தவ. திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "ஆடியில ஆர் புள்ள விதைக்கிற? கச்சான் அடிச்சா மனிசருக்கே நாக்கு வறளுது" என்றா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: எங்களிடம் கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் கடலை மட்டுமில்லை. வைகாசியில் இருந்து ஆவணி வரை வீசும் சுடுகாற்றுக்கும் அதுதான் பெயர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்கும். எங்கள் மழை ஐப்பசியில்தான் தொடங்கும், கார்த்திகை மார்கழியில் கொட்டும். இரவல் பழமொழியை நம்பி, வருசத்திலேயே மோசமான மாதத்தில் விதைத்திருந்தேன்.

கொச்சிக்காய் எட்டாம் நாள் முளைத்தது. சந்தோசம் தாங்கவில்லை, படம் எடுத்துக் கந்தோரில் எல்லாருக்கும் காட்டினேன். வெயிலுக்குப் பயந்து நாளைக்கு நாலு தரம் தண்ணீர் தெளித்தேன். அடுத்த கிழமை தண்டின் அடி நூல் மாதிரி மெலிந்து, கன்றுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணத்தின் வேலை அது. காயாத ஈரமும், நெருக்கி நெருக்கிப் போட்ட விதையும் அதற்கு விருந்து வைத்த மாதிரி. இப்போது விதைக்கு விதை இரண்டு விரல் இடம் விடுகிறேன், மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர்.

தப்பியவற்றை உப்பு தின்றது. கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். நிலத்தில் நட்ட செடி என்றால் அந்த உப்பை மாரி மழை கழுவிக் கீழே கொண்டு போய்விடும். சாடியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். ஒரு மாதத்தில் மண்ணுக்கு மேல் வெள்ளையாகப் படிந்து, இலை ஓரங்கள் கருகின. நான் எரு போதவில்லை என்று நினைத்து இன்னும் மாட்டெரு போட்டேன்! போதாததற்கு, தேங்காய்த் தும்புத்தூளையும் கழுவாமல் கலந்திருந்தேன். அதிலும் உப்பு உண்டு. இப்போது மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்ப்பேன். கோடை முழுக்க உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கட்டணம் கொஞ்சம் ஏறும், சரி, பரவாயில்லை.

அந்தப் போகத்தின் மொத்த விளைச்சல் வெண்டிக்காய் பதினொன்று. எண்ணிச் சொன்னது மாமி.

புரட்டாதிக் கடைசியில் அவவே ஒரு கிண்ணத்தோடு வந்தா. சொந்தக்காரர் வீட்டுக் கத்தரியில் மஞ்சளாகப் பழுக்கவிட்ட ஒரு காயைப் பிளந்து, தண்ணீரில் கசக்கி, அடியில் தாழ்ந்த விதையை மட்டும் எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தது. தாழ்வாரத்துக்குக் கீழே, மழை நேரே விழாத இடத்தில் போட்டோம். கார்த்திகை மழை தொடங்க நாலைந்து இலையோடு சாடிக்கு மாற்றினோம்.

மழைக்கும் ஒரு தொல்லை உண்டு. வாளிகள் சீமெந்தில் நேரே இருந்ததால் அடி ஓட்டைகள் அடைபட்டு, இரண்டு நாளில் வெண்டி எல்லாம் மஞ்சள். செங்கல் வைத்து உயர்த்திய பிறகு நின்றன. அப்புறம் நத்தை. உள்ளங்கை அளவில் இருக்குமே, அந்த ஆபிரிக்க நத்தைதான். இரவு ஒன்பது மணிக்கு டோர்ச்சும் உப்புத்தண்ணீர் வாளியுமாக நானும் மகனும் வேட்டைக்குப் போவோம். ஒரு நாள் 43 பிடித்தோம். அவனுக்குத் தோட்டத்தில் பிடித்த ஒரே வேலை அது.

தை பிறக்க எல்லாம் மாறியது. ஆறே ஆறு கத்தரிச் செடி, பங்குனி வரைக்கும் ஞாயிறு தவறாமல் பால்கறி, அடுத்த வீட்டுக்கும் ஒரு பை. பயற்றங்காயை வேலிக் கம்பியில் ஏற்றிவிட்டேன், விதைத்து ஐம்பது நாள் சுமாரில் பறிக்கத் தொடங்கினோம். தக்காளி மாசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதே செடி சித்திரையில் பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. எருவை மாற்றினேன், வேப்பெண்ணெய் அடித்தேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. கமநல சேவை நிலையத்தில் கண்ட விவசாயப் போதனாசிரியர் சிரித்துவிட்டு, "இரவில் குளிர்ந்தால்தான் தக்காளிக்கு மகரந்தம் வேலை செய்யும், உங்கள் ஊரில் சித்திரைக்குப் பிறகு எங்கே இரவு குளிருது?" என்றார். அதோடு சித்திரையில் தக்காளியை விட்டுவிட்டேன்.

இனி உங்கள் கேள்வியின் மற்றப் பாதி. பயற்றை, வெண்டி, பாகல், புடோல் என்றால் விதைதான், அதுவும் காய்க்கப் போகும் சாடியிலேயே. வேரைக் கிளப்பி மாற்றினால் அவை சுணங்கிவிடும். பாகல் விதையின் தோல் தடிப்பு, ஓரிரவு ஊறவைக்க வேண்டும். கீரையைத் தூவிவிட்டால் போதும், ஒரு மாதத்தில் சுண்டலுக்கு வந்துவிடும். ஆனால் கொச்சிக்காயும் தக்காளியும் வீட்டுக்கு நாலைந்து செடிதான் வேண்டும் என்றால் நாற்று வாங்குங்கள். நாலு செடிக்காக ஒரு பைக்கற் விதையையும் ஒன்றரை மாதக் கவலையையும் செலவழிப்பது எனக்கு இப்போது வீண் என்றே படுகிறது. கடைப் பைக்கற்றில் கலப்பினம் என்று இருந்தால் அதன் காயில் விதை எடுக்கவும் வேண்டாம். நான் எடுத்துப் போட்ட தக்காளியில் நாலு செடியும் நாலு விதமாகக் காய்த்தன. ஒன்று நெல்லிக்காய் அளவு.

கொச்சிக்காய் இன்னும் எனக்கு வசப்படவில்லை. ஒவ்வொரு வருசமும் பூக்கும் நேரம் பார்த்து இலை சுருண்டுவிடுகிறது. இலையின் அடியில் வெள்ளை ஈ, அதைவிடச் சின்னதாகக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைக் கன்றிலேயே தொடங்கினால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். சுருண்ட பிறகு அடித்துப் பயனில்லை, பிடுங்கி எரிப்பேன்.

லாபமா என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் வருசக் கணக்குக் கொப்பியை மாமியின் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

இது எழுதும்போது புரட்டாதி. பழைய கத்தரியில் ஒன்றைப் பறிக்காமல் மஞ்சளாக விட்டிருக்கிறோம். அடுத்த கிழமை பிளக்கலாம் என்று மாமி சொல்லியிருக்கிறா. சாம்பல் இருக்கிறது. வாளிகளைத்தான் இன்னும் செங்கல்லில் ஏற்றவில்லை.