குறைபார்வைக்கு உதவக் கற்பது

கேள்வி: சர்க்கரை நோயால் பார்வை மங்கிய என் தாயாரிடம், ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று ஒரு மருத்துவமனையில் கூறிவிட்டார்கள். கண் பரிசோதகர் படிப்பில் இருக்கும் என் மகள், இத்தகையோருக்கு உதவ எதைக் கற்க வேண்டும்?
— வாசகி, ஏற்காடு

பதில்: அந்த வாக்கியத்தைச் சொல்லாதிருப்பதே முதற்பாடம். சிகிச்சைக்கும் கண்ணாடிக்கும் பின்னர் பார்வை 6/18க்குக் கீழே (6/18 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலிருந்துதான் படிக்க இயலும் நிலை) இருந்தாலும், எஞ்சியதைப் பயன்படுத்த இயலுமானால் அதைக் குறைபார்வை என்றே உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உருப்பெருக்கியை எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், +10 டயாப்டர் (வில்லையின் திறனை அளக்கும் அலகு) வில்லையானால் எழுத்து அதிலிருந்து சுமார் 10 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும் என்பதை, தாயாரின் மருந்து அட்டையையே கையில் கொடுத்து, சலிக்காமல் பழக்க வேண்டும். பலர் உருப்பெருக்கியைப் பெட்டியில் பூட்டி வைப்பது இப்பழக்கம் இல்லாமையால்தான். பேருந்துப் பலகை படிக்கச் சிறு தொலைநோக்கி தேவைப்படும். உங்கள் ஊர் மூடுபனியில் படியும் பாதையும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுமாதலால், எழுத்துப் பலகையோடு ஒளி-நிழல் வேறுபாட்டை உணரும் திறனையும் மகள் சோதிக்கட்டும். படி விளிம்புகளில் மஞ்சள் வண்ணம் தீட்டச் சொல்வதும் அவர் தொழிலின் பகுதியே.