கொஞ்சம் என்றால் எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

டொராண்டோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கிடங்கில் இரவு வேலை. பகலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. இங்கே கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது. போன மாதம் ஒரு கடையில் நின்ற பையன், "போதைச் சத்து எத்தனை சதவீதம் என்று பார்க்காதீர்கள், டெர்பீன் என்கிற வாசனைப் பொருளைப் பாருங்கள்" என்றான். மிர்சீன் தூக்கத்துக்கு, லிமோனீன் மனச்சோர்வுக்கு, லினலூல் பதற்றத்துக்கு, காரியோஃபிலீன் வலிக்கு என்று ஒரு அட்டவணையே காட்டினான். எல்லாம் பூவிலும் பழத்திலும் இருக்கிற வாசனைதான், இயற்கையானது, கெடுதல் கிடையாது என்றும் சொன்னான். நம் சித்தர்கள் சிவமூலி என்று சொன்னதைத்தானே இவர்கள் இப்போது கண்டுபிடிக்கிறார்கள்? கொஞ்சமாக எடுத்துக்கொண்டால் தவறில்லை என்று தோன்றுகிறது. தை மாதம் ஊருக்கு வரும்போது அம்மாவின் முட்டிவலிக்கும் ஒரு சின்னக் குப்பி எண்ணெய் கொண்டுவர எண்ணம். எந்த டெர்பீன் அதிகமாக உள்ளதை வாங்க வேண்டும்?

த.

அன்புள்ள த.,

முதலில் அந்தக் குப்பி. கொண்டுவராதீர்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் விற்கிறார்கள், சரி. ஆனால் நாட்டு எல்லையைத் தாண்டி அதை எடுத்துப்போவது அவர்கள் சட்டப்படியே குற்றம். இங்கே வந்து இறங்கினால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. விமான நிலையத்து மோப்ப நாயிடம் "இது லினலூல் அதிகமுள்ளது, அம்மாவின் முட்டிக்கு" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சித்தர்களையும் விட்டுவிடுங்கள். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு. நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்ற விதியும் அங்கேயே உண்டு. பெருமை பேச வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் குன்னூர் போகிற வழியில் டீ குடிக்க இறங்கினேன். பக்கத்தில் ஒரு யூக்கலிப்டஸ் தைலக் கடை. சுற்றுலா வந்த பெண் ஒருவர் குழந்தைக்குச் சளி என்று சொல்ல, கடைக்காரர், "வெந்நீர்ல கொஞ்சம் விட்டுக் குடிக்கக் குடுங்கம்மா, இயற்கைதானே" என்றார். நான் குறுக்கே புகுந்து சத்தம் போட்டேன். அந்தப் பெண்ணும் கடைக்காரரும் சேர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் உங்கள் கடிதம். அதிலும் அதே இரண்டு சொற்கள், இயற்கை, கொஞ்சம்.

எங்கள் மலையில் யூக்கலிப்டஸைக் கற்பூர மரம் என்போம். கீழே சமவெளியில் தைல மரம். அப்பா தைலம் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தார். இலையைக் கொப்பரையில் திணித்து, மூடி, அடியில் சுள்ளியும் முந்தின நாள் காய்ச்சி எடுத்த இலைச் சக்கையும் போட்டு எரிப்பார்கள். ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து அந்தப் பக்கம் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தேறினால் நல்ல நாள். அந்த எண்ணெயில் பெரும்பங்கு சினியோல். உங்கள் கடைப் பையன் காட்டிய அட்டவணையின் நெருங்கிய சொந்தக்காரன் அது. சாமிக்கு ஏற்றுகிற கற்பூரமும் அதே குடும்பம்தான். டெர்பீன் என்ற பெயரே டர்பென்டைனிலிருந்து வந்தது. கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் தூரிகை கழுவுவாரே, அந்த டர்பென்டைன். கடையில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1974இல் என் தம்பிக்கு மூன்று வயது. மார்புச் சளி, இரவெல்லாம் இருமல். அத்தை ஒரு கரண்டி தைலத்தில் தேனைக் குழைத்துப் புகட்டிவிட்டாள். அன்பில்தான். கால் மணி நேரத்தில் பிள்ளை துவண்டான், அப்புறம் வலிப்பு. பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி. எவ்வளவு கொடுத்தீர்கள்?

"கொஞ்சந்தாங்க."

"கொஞ்சம்னா எவ்வளவும்மா?"

"கொஞ்சந்தாங்க, சளிக்கு."

மூன்று முறை கேட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், வீட்டுக்குப் போய் அந்தக் கரண்டியை எடுத்துவாருங்கள் என்றார். அதே ஜீப் திரும்பிப் போய்க் கரண்டியோடு வந்தது. அவர் அதில் தண்ணீரை நிரப்பி, ஊசிக் குழாயில் உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 5 மில்லிக்குக் கொஞ்சம் அதிகம். அந்த வயதுப் பிள்ளைக்கு அது உயிரை எடுக்கக்கூடிய அளவு. கொட்டகையில் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக அளந்து கணக்கு எழுதுகிற மனிதர் என் அப்பா. வீட்டுக்கு அவர் கொண்டுவந்த குப்பியை யாரும் அளந்ததில்லை. அன்று ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தபடி அவர் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். ஒரு பொருள் உடம்புக்குள் போய் வேலை செய்யும் என்றால் அதற்கு அளவு உண்டு, அளவு மீறினால் கெடுதலும் உண்டு. கெடுதலே கிடையாது என்றால் அநேகமாக வேலையும் கிடையாது. உங்கள் கடைப் பையன் இரண்டையும் ஒரே மூச்சில் விற்கிறான். தூக்கம், வலி, சோர்வு எல்லாவற்றையும் தீர்க்கும். ஆனால் வெறும் வாசனைதான், ஒன்றும் செய்யாது. பதினோரு வருடம் கிடங்கில் எடை போட்டு, எண்ணி, கணக்கு எழுதுகிற நீங்கள் இதை எப்படிக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்? கஞ்சாப் பொட்டலத்தின் மேல் நோய் தீரும் என்று அச்சிடக் கனடாச் சட்டம் விடாது. அச்சிட முடியாததை அவன் வாயால் சொல்கிறான், அவ்வளவுதான்.

மிர்சீனையே எடுத்துக்கொள்வோம். தூக்கம் வரும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டுவது 2002இல் பிரேசிலில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வை. தூக்க மருந்து கொடுக்கப்பட்ட எலிகள், மிர்சீனும் சேர்ந்தபோது கூடுதல் நேரம் தூங்கின. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம். உங்கள் எடை 70 கிலோ என்று வையுங்கள். 14 கிராம் ஆகிறது. எலிக்கும் மனிதனுக்கும் நேர்க்கணக்கு பொருந்தாது, பன்னிரண்டால் வகுப்பது மருந்தியலில் வழக்கம். வகுத்தாலும் 1 கிராமுக்கு மேல் வருகிறது. சரி, கஞ்சாப் பூவுக்கு வருவோம். மிர்சீன் 1 சதவீதம் என்று அட்டையில் போட்டிருந்தால் அது தாராளமான பூ. கால் கிராம் பூவைச் சுருட்டிப் பிடித்தால் அதில் இருப்பது 2.5 மில்லிகிராம். அதிலும் ஒரு பங்கு நெருப்போடு போகும். எலிக் கணக்குக்கும் சுருட்டுக்கும் நடுவே நானூறு மடங்குக்கு மேல் இடைவெளி. அதைப் பிடித்து உங்களுக்குத் தூக்கம் வந்தால், நன்றியை டிஎச்சி என்கிற அந்தப் போதைச் சத்துக்குச் சொல்லுங்கள். மிர்சீனுக்கு அதில் பெரிய பங்கு இருக்காது.

மாம்பழம் தின்றுவிட்டுப் புகைத்தால் போதை ஏறும் என்பார்களே, அதுவும் மாம்பழத்திலுள்ள மிர்சீனை வைத்துச் சொல்கிற பேச்சு, அதற்கும் இந்தக் கணக்குதான். காரியோஃபிலீன் கதை கொஞ்சம் பரவாயில்லை. நம் உடம்பின் செல்களில் கஞ்சாவின் பொருட்கள் போய் ஒட்டுகிற இரண்டு ஏற்பிகளில் ஒன்றில் அதுவும் ஒட்டும் என்று 2008இல் காட்டினார்கள். அது மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது. இத்தனை தலைமுறையாக ரசம் குடிக்கும் நம் வீடுகளில் முட்டிவலி இல்லாத கிழவியைக் காட்டுங்கள். இன்னொன்று, அந்தப் பூவுக்கென்றே ஒரு முடைநாற்றம் உண்டல்லவா, அதற்குக் காரணம் டெர்பீனே அல்ல, மிக நுண்ணிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் என்று 2021இல் தெரிந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு வியாபாரம் செய்பவர்களுக்கு வாசனை பற்றியே அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது.

எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செய்ததை மதிக்கிறேன். ஆரோக்கியமான இருபது பேர். டிஎச்சியையும் லிமோனீனையும் மில்லிகிராமில் அளந்து ஆவியாக்கி, எது யாருக்கு என்று தெரியாமல் கொடுத்தார்கள். 30 மில்லிகிராம் டிஎச்சியோடு 15 மில்லிகிராம் லிமோனீன் சேர்ந்தபோது பதற்றம் குறைந்தது. எந்தப் பதற்றம்? அந்த டிஎச்சியே கிளப்பிவிட்ட பதற்றம். லிமோனீனை மட்டும் முகர்ந்தவர்களுக்குக் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நேரவில்லை. அந்த ஆய்வு உங்கள் மனச்சோர்வுக்காகச் செய்ததே அல்ல. ஆனாலும் அவர்கள் அளந்தார்கள் பாருங்கள், அதனால் அவர்களோடு பேச முடிகிறது.

என்ன கேட்டீர்கள்? எந்த டெர்பீன் என்று. தூக்கத்துக்காக எதையும் வாங்காதீர்கள். இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்துவிட்டுக் காலை வெயிலில் வீடு திரும்புகிற உடம்பு, அது பகல் என்றுதான் நினைக்கும். கெட்டியான கறுப்புத் திரை வாங்கி மாட்டுங்கள், திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் அங்கே உள்ள மருத்துவரிடம் போய், கஞ்சா யோசனை வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதினோரு வருடம் சரியாகத் தூங்காத பிள்ளை, அம்மாவின் முட்டியை நினைத்துக்கொண்டு கடையில் நிற்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு திட்டினேன்.

தம்பிக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மூக்கடைத்தால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்துகொள்கிறான். எண்ணித்தான் விடுவான்.

அம்மாவின் முட்டியை யாராவது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை.