அப்பாவுக்குப் பிடிபடாத வீடு

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. கும்பகோணத்து வீட்டைக் கொடுத்துவிட்டு எங்களோடு சென்னைக்கு வந்து 4 மாதமாகிறது. இன்னும் ராத்திரியில் பாத்ரூம் என்று நினைத்து சாமி அறைக் கதவைத் திறக்கிறார். நடக்கப் போனால் வேறு பிளாக்கில் போய் மணி அடிக்கிறார். ஆனால் மடத்துத் தெருவிலிருந்து பகவத் படித்துறைக்குப் போகும் சந்துகளைக் கேட்டால் கடை கடையாகச் சொல்கிறார். இங்கே இருக்கப் பிடிக்காமல் வீம்பு பண்ணுகிறார் என்கிறார் என் கணவர். எனக்கும் சில சமயம் அப்படித் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

வீம்பு இல்லை. கும்பகோணம் அவ்வளவு ஞாபகம் இருப்பவருக்கு நாலு அறை எப்படிப் பிடிபடாமல் போகும் என்றுதானே உங்கள் கணவர் கேட்கிறார். அந்த இரண்டு ஞாபகத்துக்கும் மூளை ஒரே பகுதியை நம்பியிருப்பதில்லை.

அமெரிக்காவில் ஒருவர் இருந்தார், ஆய்வுகளில் ஈ.பி. என்று மட்டும்தான் குறிப்பிடுவார்கள். எழுபது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, கன்னப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி இரண்டு பக்கமும் அழிந்துபோனது. பிறகு வேறு ஊருக்குக் குடிபோனார். 1999இல் வந்த ஆய்வில், வளர்ந்த ஊரில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போவது, அந்தச் சாலையை அடைத்துவிட்டால் வேறு எப்படிப் போவது என்றெல்லாம் அவரிடம் கேட்டார்கள். அதே ஊரில் வளர்ந்த, மூளையில் கோளாறில்லாதவர்களுக்குச் சமமாகச் சொன்னார். அப்போது அவர் குடியிருந்த பகுதியைப் பற்றிக் கேட்டபோது எதுவும் தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

புது இடத்தின் படம் முதலில் ஹிப்போகேம்பஸில்தான் உருவாகிறது. எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை ஜான் ஓ'கீஃப் என்ற மூளை விஞ்ஞானி அங்கே கண்டது 1971இல். நாளாக ஆக வேலை மூளையின் மேலடுக்குக்கு, முக்கியமாக நெற்றிப்பக்கத்துக்கு, நகர்கிறது. சுண்டெலிகளில் பார்த்திருக்கிறார்கள்: கற்ற 5 நாளில் வழி தேடும்போது ஹிப்போகேம்பஸ் மும்முரமாக இருக்கும், 25 நாள் கழித்து அது அடங்கி நெற்றிப்பக்கம் மும்முரமாகும். முழுக்க நகர்ந்துவிடுவதும் இல்லை. ஹிப்போகேம்பஸ் கெட்டுப்போன லண்டன் டாக்சி ஓட்டுநர் ஒருவர் பெரிய சாலைகளில் சரியாகப் போனார், சின்னத் தெருவுக்குள் திரும்பினால் தொலைந்துபோனார்.

வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அல்சைமர் என்ற மறதி நோய் ஆரம்பத்தில் தாக்குவது ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான், அதனால் புது இடத்தில் வழி தவறுவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பி12 குறைவு, தைராய்டு, தூக்க மாத்திரை இவற்றாலும் குழப்பம் வரும், அதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது. அவர் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அப்புறம், ஹென்றி மொலைசன். 1953இல் வலிப்புக்கான அறுவையில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இழந்தவர். அதற்குப் பிறகு குடிபோன வீட்டையே அறை அறையாக வரைந்து காட்டினார்! வருடக்கணக்கில் தினமும் அதற்குள் நடந்து நடந்து படிந்தது அது. ஆகவே கட்டிலை மாற்றிப் போடாதீர்கள். பாத்ரூம் விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். சாமி அறைக் கதவில் கை வைத்தால் "இதுகூடத் தெரியலையா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், உண்மையிலேயே தெரியவில்லை அவருக்கு. காலை நடைக்குத் தினமும் ஒரே பாதை. கணவரையே கூட அனுப்புங்கள், போகிற வழியில் அந்தப் படித்துறைச் சந்துகளைக் கேட்டுக்கொண்டே நடக்கட்டும்.