பக்கத்து ஊரில் பெற்றோர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். மேற்படிப்புக்கு ஜெர்மனி போகும் எண்ணம். அங்கே ஹைடெல்பர்க் நகரில் தமிழ் கற்கும் ஒரு மாணவியோடு சனிக்கிழமைதோறும் வீடியோவில் பேசுகிறேன். அரைமணி நேரம் தமிழ், அரைமணி நேரம் ஜெர்மன். அவருடைய பெற்றோர் பக்கத்து ஊரான மன்ஹைமில் இருக்கிறார்கள். ரயிலில் இருபது நிமிஷம்தான். ஆனாலும் அவர் வேறு மூன்று பேரோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. அடுத்தவர் பாலைத் தொடக்கூடாதாம். “உங்க அம்மா அப்பாவுக்கு வருத்தமா இருக்காதா?” என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. “உன் கல்யாணத்தை யார் முடிவு செய்வாங்க?” என்று திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் சாப்பாடு, பண்டிகை தவிர வேறு பேச்சே இல்லை. என்ன செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

சாப்பாடும் பண்டிகையும் பேசினால் மனக்கசப்பு வராது. ஒருவரைப் பற்றி ஒருவருக்குப் பெரிதாக எதுவும் தெரியவும் வராது. அன்றைக்குத்தான் நீங்கள் இருவரும் பேசவேண்டியதைப் பேசினீர்கள். விட்ட இடத்திலேயே தொடருங்கள், கேள்வியை மட்டும் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்டது பாசத்தைப் பற்றி. அதற்குள்ளேயே ஒரு தீர்ப்பும் இருந்தது. அவர் கேட்டதும் அப்படித்தான். பாசத்தை விடுங்கள்; வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். “பதினெட்டு வயசானா பிள்ளைய வெளிய அனுப்பிடுவாங்க” என்று நம்மூரில் சொல்கிறோமே, அது எவ்வளவு தவறு என்று புரியும். ஜெர்மன் சட்டப்படி, பிள்ளையின் முதல் தொழிற்கல்வியோ பட்டப்படிப்போ முடியும்வரை பராமரிக்கும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு. படிக்கிற பிள்ளைக்காக அரசு பெற்றோருக்குத் தரும் மாதாந்திரத் தொகை 25 வயதுவரை தொடரும். பாஃபெக் என்ற அரசு உதவித்தொகை பொதுவாகப் பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத்தான் கிடைக்கும். பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். தனியாகத்தான் இருக்கிறார், ஆனால் அம்மா அப்பா கைவிட்டுவிடவில்லை.

அதே அளவு விவரத்தோடு உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கிவைத்த வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்டவேண்டியிருக்குமே, அதை உங்கள் வீட்டில் எப்படிப் புரட்டுகிறார்கள்? நகையை அடகு வைத்தா, சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கியா? கல்விக்கடன் என்றால் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். இதைக் கேட்டால், உங்கள் கல்யாணப் பேச்சில் ஏன் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கும். அதை அவர் சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நீங்களும்தான்.

இதை முறையாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1997இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த ழில்பெர்த் ஃபுர்ஸ்டன்பெர்கும் சக ஆசிரியர்களும் ‘குல்துரா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். எம்ஐடி மாணவர்களும் பிரான்சில் படிக்கும் மாணவர்களும் ஒரே கேள்விகளுக்குத் தத்தம் மொழியில் பதில் எழுதவேண்டும். ஒரு கேள்வி: வங்கியில் காசோலையை மாற்றப் போகிறீர்கள், ஊழியர் அதிலுள்ள பெயரைப் பார்த்து உங்களை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அமெரிக்கர்கள் பலருக்கு அது சாதாரணம். பிரெஞ்சுக்காரர்கள் பலருக்கோ வரம்புமீறல். இரு பக்கப் பதில்களையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டுத்தான் ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். அவரவர் மொழியில் எழுதவைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் நினைத்ததைச் சொல்ல முடியாது, மனப்பாடமான வாக்கியம்தான் வாயில் வரும்.

நீங்களும் இரண்டு மூன்று சூழ்நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உடன் தங்கியிருப்பவர் கேட்காமல் பாலை எடுத்துவிட்டார். மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். முதல் சம்பளம் கைக்கு வந்திருக்கிறது. நீங்கள் தமிழில் எழுதுங்கள், அவர் ஜெர்மனில் எழுதட்டும், ஒரே நேரத்தில் அனுப்பிக்கொள்ளுங்கள். அவர் ஒருவருடைய பதிலை ஜெர்மனியின் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; கூட இருக்கும் மூன்று பேரிடமும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் வகுப்புத் தோழிகளிடம் கேளுங்கள். அங்கேயே நாலு விதமான பதில் வரும், அதையும் அவருக்கு அனுப்புங்கள்.