கரிமூட்டக்காரர்களின் கடற்கரை

அன்புள்ள ஐயா,

கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1961 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் கென்னடி இரண்டாவது விமானத் தாக்குதலை நிறுத்தாமல் இருந்திருந்தால் காஸ்ட்ரோ வீழ்ந்திருப்பாரா? அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிடம் காசு வாங்கிக்கொண்டு சொந்த நாட்டின்மீதே படையெடுத்த அந்தக் கூலிப்படை தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

வீழ்ந்திருக்க மாட்டார். விமானக் கணக்கை விடுங்கள், அதைப் போட நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்தக் 'கூலிப்படை' என்ற சொல்லைக் கீழே வையுங்கள். அது காஸ்ட்ரோ அரசு வைத்த பெயர். சிஐஏ பணம் கொடுத்தது, குவாதமாலாவில் பயிற்சி கொடுத்தது, நிகரகுவாவில் கப்பலேற்றியது, எல்லாம் சரி. ஆனால் போன சுமார் 1,400 கியூபர்களில் மாணவர்கள், மருத்துவர்கள், வக்கீல்கள், விவசாயிகள் இருந்தார்கள். காஸ்ட்ரோவுக்கு முன் ஆண்ட சர்வாதிகாரி பாதிஸ்தாவின் பழைய சிப்பாய்களும் இருந்தார்கள், அதே பாதிஸ்தாவை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆள் அதிகம் என்று காட்டுவதற்காக வரிசை எண்ணையே 2500-இலிருந்து தொடங்கியிருந்தார்கள். பயிற்சியில் மலையிலிருந்து விழுந்து இறந்த கார்லோஸ் ரொட்ரிகஸ் சந்தானா என்ற இளைஞனின் எண் 2506. அதையே படைக்குப் பெயராக வைத்தார்கள். கூலிக்குப் போகிறவன் இப்படிச் செய்வானா?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், நீங்கள் எழுதிய நேரம் அப்படி. போன மாதம்தான் முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்வந்தேன். என் தாத்தா கரிமூட்டம் போட்டவர். கருவேல விறகைக் குவித்து, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைத்துவிட்டு, நாள்கணக்கில் ராத்திரி தூங்காமல் பக்கத்திலேயே கிடப்பார். மண்ணில் ஓட்டை விழுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். கரி ஆனபிறகும் விலை வியாபாரி சொல்வதுதான், ஏனென்றால் வண்டி அவனுடையது. "ரோடு மட்டும் இருந்திருந்தால்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படை போய் இறங்கிய சபாதா சதுப்பு நிலமும் கரி சுடுகிறவர்களின் ஊர்தான். கியூபாவிலேயே கடைசி ஏழைகள், ஒழுங்கான சாலை இல்லாதவர்கள். காஸ்ட்ரோவின் புரட்சி அரசு அந்தச் சேற்றுக்குள் சாலை போட்டது. 1959 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு காஸ்ட்ரோ அங்கே வந்து கரிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முதலில் போட்ட திட்டம் த்ரினிதாத் நகரத்தில் இறங்குவது. தோற்றாலும் பக்கத்தில் எஸ்காம்ப்ராய் மலைக்குள் ஓடலாம். ஊர் இருக்கும் இடத்தில் இறங்கினால் சத்தம் வெளியே கேட்குமென்று வாஷிங்டன் சபாதாவுக்கு மாற்றியது. வரைபடத்தில் அது ஆளில்லாத கடற்கரை. வானிலிருந்து எடுத்த படத்தில் பவளப்பாறையைக்கூடக் கடல்பாசி என்று நினைத்தார்கள், படகுகள் அதில் மோதின. பாறையே தெரியாதவர்களுக்குக் கரிக்காரன் எங்கே தெரியப் போகிறான்? அவனும் சேர்ந்து எழுச்சி செய்வான் என்று ஒரு எதிர்பார்ப்பு வேறு! அந்த அரசு அவன் வீட்டுக்குப் போட்ட சாலையில்தான் அதன் டாங்கிகள் வந்தன.

உடனே காஸ்ட்ரோவுக்கு மாலை போடாதீர்கள். எதிர்த்து எழக்கூடியவர்கள் என்று சந்தேகப்பட்ட பல்லாயிரம் பேரை அந்த வாரமே பிடித்து அரங்குகளில் அடைத்துவைத்த அரசு அது. கரையில் பிடிபட்ட படையினரை மூடிய லாரியில் ஹவானாவுக்குக் கொண்டுபோனபோது 9 பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள்.

நான் சொல்ல வந்தது, கரிக்காரனை மட்டுமா கேட்கவில்லை? வெற்றி பெற்றால் தற்காலிக அரசுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர் ஹோசே மீரோ கார்தோனா. படை இறங்கிய அன்று அவரையும் மற்றத் தலைவர்களையும் மயாமி அருகே ஓபா-லோக்காவில் ஒரு வீட்டில் சிஐஏ வெளியே விடாமல் வைத்திருந்தது. அவர்கள் பெயரில் அறிக்கையை நியூயார்க்கிலிருந்து வேறு ஒருவர் வெளியிட்டார். தங்கள் நாட்டின்மீது தங்கள் படை இறங்கிய செய்தியை அவர்கள் வானொலியில்தான் கேட்டார்கள். கரையில் இறங்கியவர்களில் மீரோ கார்தோனாவின் மகனும் இருந்தான், கே. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தபோது, பிடிபட்ட கிட்டத்தட்ட 1,200 பேரில் அவனும் ஒருவன். அந்த வீட்டில் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவைத்தான் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.