கிறுகிறுப்பு, கருவாடு, செட்டில்மெண்ட்: மூத்தோர் கேள்வி பதில்

கேள்வி: வயது 69. முன்பு வள்ளத்தில் போனவன். மூன்று வருடமாக பிரஷர் மாத்திரை. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. பிரஷர் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நிறுத்திவிட்டு, கஞ்சிக்குக் கருவாட்டைக் கூட்டிக்கொண்டேன். சரிதானே?
(மண்டபம் வாசகர்)

பதில்: சரியில்லை ஐயா. அளந்து பார்க்காமல் பிரஷர் இறங்கிவிட்டதென்று எப்படிச் சொல்வது? 5 நிமிடம் படுத்திருந்து ஓர் அளவு எடுங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. கூட ஒருவர் நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது மட்டும் பிரஷர் இறங்குகிறது என்று பொருள். படுத்தால் 160, நின்றால் 130 என்று இருப்பவர் மாத்திரையை விட்டால், ராத்திரி முழுக்க 160-க்கு மேல்தான் கிடப்பார்.

மூன்று அளவையும் தாளில் எழுதி, இன்றோ நாளையோ டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையோ, சிறுநீர் தடையில்லாமல் போவதற்கான ப்ராஸ்டேட் மாத்திரையோ இருந்தால் கிறுகிறுப்புக்கு அதுவே காரணமாகலாம். எதைக் குறைப்பது, எதை இரவுக்கு மாற்றுவது என்பதை அவர் சொல்லட்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கையும் மறைக்காதீர்கள். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் வியர்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் மறுநாள் காலையில் தலை சுற்றும்.

அதுவரை ஒரேயடியாக எழாதீர்கள். கண் விழித்ததும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்காருங்கள். பாதத்தை 15 தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போகும்போதும் இப்படித்தான், விளக்கைப் போட்டுக்கொண்டு. இந்த நாலு அடி தூரத்தில் விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

இனி கருவாடு. ஒரு நாளுக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். உப்பேற்றிய வாளை, சீலாக் கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருக்கும். 30 கிராம் துண்டு ஒன்றிலேயே 3 கிராம் போய்விடும். மீதி 2 கிராமில் குழம்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அடங்குமா? ஆசைக்கு மாதம் இரண்டு தடவை வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்துக் கொட்டிவிட்டு, இன்னொரு தண்ணீரில் அதேபோல் ஊறவைத்து எடுங்கள். உப்பு முழுசும் போகாது, குறையும். அன்று குழம்பில் தனியாக உப்புப் போடக் கூடாது. வாயில் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சாமல், காவிரிக் குடிநீரில் காய்ச்சுங்கள். கடற்கரையில் இருந்துகொண்டு பச்சைச் சாளைக்கா பஞ்சம்!

‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம்.

கேள்வி: வயது 72. வீட்டை இப்போதே செட்டில்மெண்ட் எழுதித் தரச் சொல்கிறான் மகன். எழுதலாமா?
(தொண்டி வாசகி)

பதில்: அவசரம் உங்களுக்கில்லையே அம்மா! உயில் எழுதினால் உயிரோடிருக்கும்வரை வீடு உங்களுடையது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக்க வேண்டாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் பத்திரம் அது; பதிவானபின் நீங்களாக ரத்து செய்ய முடியாது.

எழுதியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வரிகள் பத்திரத்திலேயே இருக்கட்டும்: ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கு உரிமை, சாப்பாடும் வைத்தியமும் மகன் பொறுப்பு. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆவது பிரிவின்படி, மகன் கவனிக்காவிட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க அந்த இரண்டாவது வரிதான் பிடிமானம். ‘அன்பினால் எழுதிக் கொடுத்தேன்’ என்று மட்டும் இருந்தால் வழக்கு இழுபடும். பதிவுக்கு முன்பு, மகன் பக்கத்தில் இல்லாமல், பத்திரத்தை வேறொருவரைக் கொண்டு வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமிருந்தால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.