மோக்கா பாட் காபி: கேள்வி பதில்

கேள்வி: ஸ்ட்ராங்காக வேண்டும் என்று தூளை நன்றாக அமுக்கி வைக்கிறேன். கசப்புதான் ஏறுகிறது. ஏன்?

பதில்: அமுக்கவே கூடாது. மோக்கா பாட் அடுப்பில் வைக்கும் காபி பாத்திரம்; கீழ்ப்பாகத்துத் தண்ணீர் சூடாகி, ஆவியின் அழுத்தத்தில் நடுவில் இருக்கும் தூள் கிண்ணம் வழியாக மேலே ஏறும். அப்படித் தள்ளும் அழுத்தம் 1 முதல் 2 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மட்டும்தான். எஸ்பிரெசோ மெஷினில் 9 பார். இறுகிய தூளுக்குள் தண்ணீர் புக முடியாமல் திணறும். அதற்குள் சூடு எக்கச்சக்கமாக ஏறி, காபி கருகின மாதிரி கசக்கும். கிண்ணம் நிறையத் தூள் போட்டு, விரலால் மட்டம் தட்டினால் போதும்.

திடம் வேறு, கசப்பு வேறு. முதலில் வருவதுதான் கெட்டி டிகாக்‌ஷன். போகப்போக நீர்த்துக் கசப்பாகிவிடும். அதனால் ஸ்ட்ராங்காக வேண்டுமென்றால் சீக்கிரம் இறக்குங்கள். அளவு குறையும், பரவாயில்லை.

கேள்வி: சீக்கிரம் என்றால் எப்போது?

பதில்: மூடியைத் திறந்து வைத்து, சிறு தீயில் விடுங்கள். தேன் நிறத்தில் வந்துகொண்டிருந்த காபி வெளிறி, நுரை தட்ட ஆரம்பித்ததும் அடுப்பிலிருந்து எடுத்து, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். 'கொறகொற' சத்தம் பலமாகும்வரை காத்திருந்தால் ஆவியும் சேர்ந்து வந்து ருசியைக் கெடுத்துவிடும். கீழே கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும், அது இயல்புதான்.

கேள்வி: பச்சைத் தண்ணீரா, வெந்நீரா?

பதில்: என் ஓட்டு வெந்நீருக்கு. தூள் அடுப்புச் சூட்டில் காயும் நேரம் குறையும். மூடித் திருகும்போது துணியால் பிடியுங்கள். எதுவானாலும் தண்ணீர், கீழ்ப்பாகத்தின் பக்கவாட்டில் உள்ள பாதுகாப்பு வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

கேள்வி: தூள் எவ்வளவு நைஸாக இருக்கலாம்?

பதில்: மேசை உப்பு பருமன். மாவு மாதிரி அரைத்தால் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆறு கப் பாட் வாங்கிவிட்டேன். பாதி தூள் போட்டுச் செய்யலாமா?

பதில்: சரிப்படாது. கிண்ணம் நிறையாவிட்டால் தண்ணீர் இடுக்கு வழியாக ஓடிவிடும், காபி சப்பென்று இருக்கும். ஒரு கப் என்று அவர்கள் சொல்வதே சுமார் 50 மில்லிதான், அதனால் இரண்டு பேருக்கு மூன்று கப் பாட் சரியாக இருக்கும்.

கேள்வி: பக்கவாட்டில் ஆவி கசிகிறது.

பதில்: கிண்ணத்தின் விளிம்பில் தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். வால்வு வழியாக ஆவி சீறினால் மட்டும் உடனே அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு திறந்து பாருங்கள்.

கேள்வி: இண்டக்‌ஷனில் வைக்கலாமா?

பதில்: 1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டி என்பவர் கொண்டுவந்த காலத்திலிருந்தே இது பெரும்பாலும் அலுமினியம். அது இண்டக்‌ஷனில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் பாட் வாங்குங்கள்.